சொல்றவளுக்கு இடது

"அண்ணி, அவனுங்க காட்டுறது ஒண்ணு, அங்க நடக்குறது ஒண்ணு."

டிவி வேலையில் இருந்தவரை, வீட்டுக்குள் நுழைந்ததும் என் நாத்தனார் சொன்ன முதல் வார்த்தை இதுதான். ஒரு நாள் தவறியதில்லை. கைப்பை நாற்காலியில் போய் விழும். செருப்பு ஒன்று வாசலிலும் இன்னொன்று மேசைக்கு அடியிலும் கிடக்கும். டிவிக்காகப் பூசிய பவுடர் வேர்வையில் திட்டுத் திட்டாக நிற்கும்.

"மூஞ்சியக் கழுவிட்டு வந்து புலம்புடி. சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு."

"சிரிக்காதீங்க அண்ணி. மூக்கு உடைஞ்சவன் ரத்தத்தை முழுங்கிட்டு நிக்கிறான். கேமராக்காரன் முன்வரிசையில எவளோ கையாட்டுறதைக் காட்டுறான். நானும் அதைப் பார்த்து 'ஆஹா, ரசிகர்கள் உற்சாகம்'னு சொல்லணுமாம்."

அவள் டிவியில் குத்துச்சண்டைக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவள். வீட்டில் அவளுக்குச் சங்கு என்று பெயர். பிறந்தபோது அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலை முடிந்தது என்று நாலு பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம். என் மாமியார் சொன்ன கதை. பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எந்த அண்ணிக்குக் கை வரும்? எனக்கும் வராது. ஆனால் அவளைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலாவுகின்றன. அவள் நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றினாள் என்பது ஒன்று. அவள் வாயால் ஒரு ஆள் செத்தான் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் யாரும் அந்த இடத்தில் இல்லை. நான் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பின்பக்கம் ஏதோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. சரி, மாமியாருக்கு உதவி செய்யலாம் என்று போனேன். துவைத்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். துவைபட்டுக்கொண்டிருந்தது அவர் தங்கச்சி.

அவர் குத்துச்சண்டைக்காரர். அவள் எதிரே நின்று இரண்டு உள்ளங்கையிலும் தோல் மெத்தை மாட்டிக்கொண்டு அவர் குத்துகளை வாங்குவாள். அந்த மெத்தைக்குப் பேட் என்று பெயர். எந்தக் கையை நீட்டுகிறாளோ அதைச் சொல்லிக் கத்துவாள். "இடது! இடது! வலது!" அவர் உடனே அங்கே குத்த வேண்டும். யோசிக்கிற நேரத்தில் எதிராளி பல்லைக் கழற்றிவிடுவான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவள் அவருக்கு எதிரே நிற்கிறாள். அவளுடைய இடது கை இருப்பது அவருக்கு வலது பக்கம். நான் போன அன்று அவர் அதில்தான் தடுமாறினார். "இடது" என்று அவள் கத்த, அவர் தன் இடது பக்கம் வீச, அங்கே பேட் இல்லை. அவள் வாய் இருந்தது. முன்பல் ஒன்று மண்ணில் போய் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. நான் அலறினேன். அவள் குனிந்து பல்லை எடுத்து, துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, கேக்குறவனுக்கு இல்ல, சொல்றவளுக்கு இடது. இன்னொரு பல்லு போனா என்னை எவனும் பொண்ணு கேட்டு வர மாட்டான்."

"ஏற்கெனவே உன் வாய்க்கு எவனும் வரப்போறதில்ல" என்றார் அவர். அதன் பிறகு அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. உப்பு ஜாடி எங்கே என்று கேட்டால்கூட "இடது பக்கம், சொல்றவளுக்கு இடது" என்பார்கள். எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

அவருடைய கடைசிச் சண்டையை நான் நேரில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இடது கண்ணில் கொஞ்ச நாளாகவே பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது என்பதை மனுஷன் எங்களிடமும் மருத்துவரிடமும் மறைத்திருந்தார். எதிராளிக்கு அது எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. அந்தப் பக்கமாகவே வந்து வந்து அடித்தான். இமை கிழிந்தது. ஓரத்தில் உட்காரவைத்துப் பஞ்சை அழுத்தித் திரும்ப அனுப்பினார்கள். பிறகு அவன் வலது கண்ணுக்கு வந்தான். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலை பின்னால் போய்ப் போய் வந்தது. அவர் விழவில்லை. விழுந்திருந்தால் கண் மிஞ்சியிருக்கும்.

கிழிந்த விழித்திரையை ஒட்டப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. ஒரு கண் மொத்தமாகப் போனது. இன்னொன்றில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சண்டைதான், நடுவர்தான் கிடையாது. குளியலறைக் கதவைக் குத்தி உடைத்தார். நிலைக்கண்ணாடியை உடைத்தார், அது அவருக்கு இனி வேண்டாம் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சும்மா வீசிய கை என் தோளில் இறங்கியது. கையில் இருந்த கரண்டியால் நான் திருப்பி ஒன்று போட்டேன். குத்துச்சண்டைக்காரன் மண்டையும் கரண்டிக்குப் புடைக்கும். அதோடு என்மேல் கை படுவது நின்றது. சுவர் மேல் படுவது நிற்கவில்லை. விரல் முட்டிகளில் தோலே இருக்காது.

ஒரு சாயங்காலம் டிவியில் சண்டை ஓடியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வர்ணனைக்காரர் கத்தினார், "ஆஹா, என்ன ஒரு அடி! சொல்ல வார்த்தையே இல்லை!"

"வார்த்தை இல்லன்னா அங்க என்ன மயித்துக்குடா உக்காந்திருக்க?" என்று முக்காலியைத் தூக்கி டிவி மேல் எறிந்தார். குறி தவறி அது என் அலமாரியில் பட்டு, இருந்த நாலு பீங்கான் தட்டும் போயின.

சங்கு எழுந்து போய் டிவி சத்தத்தை அணைத்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கேளு. சிவப்பு மூலைக்காரன் குள்ளம். தாடையை நெஞ்சுல புதைச்சிட்டு வர்றான். நீலம் உயரம், ஆனா இடது கை தொங்குது, களைச்சிட்டான். குள்ளன் உள்ள வந்துட்டான். விலாவுல ஒண்ணு. சத்தம் வராது, மூச்சு போயிருச்சு. பாரு, வாயைத் திறக்கிறான். இன்னொண்ணு, அதே இடத்துல. முழங்கால் மடங்குது."

என் வீட்டுக்காரரின் கைகள் மடியில் கிடந்தபடியே மெல்ல மூடின. தோள் அசைந்தது. விலாவில் அடி விழுந்தபோது அவர் குனிந்தார். அன்று சுவர் தப்பித்தது.

இப்படித்தான் அவள் தொழிலுக்கு வந்தாள். படித்து வரவில்லை, யாரும் கைதூக்கி விடவில்லை. கண் போன அண்ணன் வீட்டை உடைக்காமல் இருக்க வாய் திறந்தவள்.

சன்னல் வழியாக அவள் சத்தம் தெருவுக்குப் போகும். சத்தம் போகாத இடம் ஏது அவளுக்கு? பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு எங்கள் மதில் ஓரம் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரரின் பழைய பயிற்சியாளர் கேட்டுவிட்டு, குத்துச்சண்டைக் கூடத்தில் மைக் பிடிக்கக் கூப்பிட்டார். அங்கிருந்து உள்ளூர் கேபிள் டிவி. அங்கிருந்து பெரிய சேனல். அங்கே தேர்வு என்று ஒரு சண்டையைச் சத்தமில்லாமல் போட்டுப் பேசச் சொன்னார்களாம். தலைமை வர்ணனையாளர் ஒருவர் இருந்தார், அவரும் பழைய சாம்பியன், காது இரண்டும் நசுங்கிப்போனவர். அவள் பேசி முடித்ததும் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இந்தப் பொண்ணு பேசினா எனக்கு வலிக்குது. எடுத்துக்கங்க" என்றாராம்.

முதல் நேரலையிலேயே ஒருவன் அவள் மேல் தண்ணீர் பாட்டில் எறிந்தான். "ஏய், வீட்டுக்குப் போய் வேலையைப் பாரு!" பாட்டில் மேசை விளிம்பில் பட்டு அவள் நெற்றியைக் கிழித்தது. அவள் மைக்கை அணைக்கவில்லை. "பாட்டில் எறிஞ்ச அண்ணன் தோள்ல இருந்து வீசல, முழங்கைய மடக்கிட்டாரு. அதான் பலம் இல்ல. அவரும் ஒரு தடவை வளையத்துக்குள்ள வந்தா சரியாகிடும்" என்றாள். அரங்கம் சிரித்தது. ரத்தம் புருவத்தில் வழிய வழியச் சண்டை முழுவதையும் சொல்லி முடித்தாள். வீட்டில் நானும் அவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "தங்கச்சி மேல எவனோ கை வெச்சிட்டான்" என்று அவர் எழுந்து நின்று காற்றில் ஒன்று விட்டார். விளக்கு போயிற்று.

சேனலில் அவளுக்கு மேலதிகாரி தயாரிப்பாளர். சண்டை நடக்கும்போது அவர் வெளியே ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். அவள் காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தோம். அவர் முதல் நாளே இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, திரையில் தெரியாததைப் பேசாதே. இரண்டு, இடது வலது எல்லாம் திரைக்கு இடது, திரைக்கு வலது. பார்க்கிறவன் இருப்பது கேமராவுக்குப் பின்னால், நீயும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய், குழப்பம் வராது.

இரண்டாவது விதி அவளுக்குச் சர்க்கரை மாதிரி. வீட்டிலேயே பழகினதுதானே? முதல் விதிதான் தொண்டையில் சிக்கியது.

"இவ்வளவு சொல்லாத. பார்க்கிறவனுக்குக் கண்ணு இருக்கு" என்பாராம் காதுக்காரர்.

"எங்க அண்ணனுக்கு இல்லையே சார்."

"உங்க அண்ணனுக்காகவா சேனல் நடத்துறோம்?"

ஆனால் அவளுடைய பேச்சு ரேடியோவிலும் போனது. லாரி ஓட்டுகிறவர்கள், தையற்கடைக்காரர்கள், கையில் வேலையும் காதில் சண்டையுமாக இருக்கிறவர்கள் எல்லாம் அவளுக்கு ரசிகர்கள் ஆனார்கள். அரங்கத்துக்கு நேரில் போகிறவர்களே காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு போனார்கள். அதனால் காதுக்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார்.

பழைய சாம்பியன் ஓய்வு பெறும் நேரம் வந்தது. அவருடைய நாற்காலிதான் அந்தத் தொழிலில் உச்சி. அது யாருக்கு என்று சேனலில் ஒரே பேச்சு. கடைசியில் காதுக்காரர் இவளைக் கூப்பிட்டார்.

"பட்டத்துக்கான இறுதிச் சண்டையை நீ தனியா சொல்ற. திரையில இருக்கிறதை மட்டும் பேசு. ஒழுங்கா முடிச்சா அந்த நாற்காலி உனக்கு. வாய் நீண்டுச்சுன்னா கேபிள் டிவிக்கே திரும்பிப் போ."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது செருப்பை ஒழுங்காக ஜோடியாகக் கழற்றி வைத்தாள். அப்போதே எனக்குப் புரிந்தது, அவள் அதற்கு எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று. புலம்பல்கூட இல்லை.

எங்கள் இருவருக்கும் நுழைவுச்சீட்டு வாங்கித் தந்தாள். அவள் மேசை வளையத்துக்கு ஒரு பக்கம். எங்கள் கேலரி அவளுக்கு நேர் எதிர்ப்பக்கம், உயரத்தில். நாங்கள் வந்த வழி நடுவில் இருந்தது. கேலரியின் இரண்டு கோடியிலும் கேலரிக்கு அடியில் இறங்குகிற படியும் வெளிக்கதவும் உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. எதிரே இருந்து பார்த்தால் தெரியும்.

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் தங்கச்சியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நான் பாதி நேரம் முந்தானைக்குப் பின்னால் இருந்தேன். உள்ளூர்க்காரனும் வெளியூர்க்காரனும் ஒருவரையொருவர் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. இன்னொருவன் காதோரம் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. வளையத்தின் தரைத் துணி சிவப்பும் பழுப்புமாக இருந்தது. உள்ளூர்க்காரன்தான் அதிகம் அடித்தான், அது எனக்கே தெரிந்தது. நடுவர்கள் வெளியூர்க்காரன் கையைத் தூக்கினார்கள்.

அடுத்த நொடி முதல் நாற்காலி பறந்தது.

எங்கள் கேலரியில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரன் பக்கம். நாற்காலிகளைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்கள். உடனே நடு வழியாகக் காவலர்கள் வந்தார்கள். அவர்கள் எவன் எறிந்தான் என்று பார்க்கவில்லை. எட்டினவனை எல்லாம் அடித்தார்கள். என் முன்னால் இருந்த பெரியவர் கையைத் தலைக்கு மேல் வைத்தார். தடி கையோடு சேர்த்து இறங்கியது. குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் ஒருத்தி முகமெல்லாம் ரத்தமாக, "நான் ஒண்ணும் செய்யல, நான் ஒண்ணும் செய்யல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அடித்தார்கள். வந்த வழி அடைபட்டுவிட்டது. எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அவள் முன்னால் இருந்த சின்னத் திரையில் வெளியூர்க்காரன் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். திரைக்கு மேலே, நிஜத்தில், எதிர் கேலரியில் தலைகள் உடைகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் அவளுடைய கண் தெரியாத அண்ணன் இருக்கிறார்.

"சார், கேமராவ எதிர் கேலரிக்குத் திருப்புங்க. அடிக்கிறாங்க."

"பட்டத்தைப் பேசு."

"சார், எங்க அண்ணன் அங்க..."

"பட்டத்தைப் பேசும்மா! நாற்காலி வேணுமா வேண்டாமா?"

இவ்வளவு நாளும் வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்பியதை அவள் அன்று நாட்டுக்கே சொன்னாள்.

"நீங்க பார்க்கிறது பட்டம். அங்க நடக்கிறது வேற. எதிர் கேலரியில சும்மா உக்காந்திருந்தவங்களைக் காவலர்கள் மண்டைய உடைக்கிறாங்க. கேலரியில இருக்கிறவங்க ரேடியோ கேட்டா கேளுங்க, நடு வழிக்குப் போகாதீங்க. ஒரு கோடியில கதவு பூட்டியிருக்கு. இன்னொரு கோடியில திறந்திருக்கு, வெளிச்சம் தெரியுது. இடது பக்கம் போங்க. இடது பக்கம்!"

எங்களைச் சுற்றி ரேடியோ வைத்திருந்தவர்கள் கத்தினார்கள். "இடது பக்கம் திறந்திருக்காம்! இடது!" கூட்டம் மொத்தமும் தன் இடது பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து எதிர்த்திசையில் இழுத்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க! உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"சொல்றவளுக்கு இடதுடி! எதிர்ல உக்காந்திருக்கா! நமக்கு வலது!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஒரு வாக்கியம் தெரிந்தவர்கள் அந்த அரங்கத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கூட்டத்தைத் தோளால் பிளந்தார். வந்து விழுந்த ஒரு தடியைக் கையில் வாங்கி, மூச்சு வந்த திசையைப் பார்த்து ஒரே குத்து. யாரோ படியில் உருண்டார்கள். "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்கய்யா!" என்று கத்தினார். கறுப்புக் கண்ணாடி போட்ட குருடன் வழிகாட்டினால் எவன் நம்புவான்? நாலைந்து பேர் வந்தார்கள். படி இறங்கினோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. காற்று வந்தது. அங்கே ஒரு ஈ காக்கா இல்லை.

அப்போது அவர் நின்றுவிட்டார். காதில் அவள் குரல். "ஐயோ, தப்பாச் சொல்லிட்டேன்! என்னோட இடது! உங்களுக்கு வல..." அதோடு அறுந்தது. காதுக்காரர் அவளை வெட்டிவிட்டு விளம்பரம் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் ரேடியோவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஒரு பெண் சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஜனங்கள் அலறிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டிய கதவின் முன்னால் முதலில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. தள்ளினார்கள். படியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

சங்கு காதுக் கருவியைப் பிடுங்கி எறிந்தாள். மைக் செத்துவிட்டது. ஓடிப்போய்க் கயிற்றுக்குள் நுழைந்து வளையத்தின் நடுவில், அந்த ரத்தத் துணி மேல் நின்றாள். வெறும் தொண்டையால் கத்தினாள்.

"சிவப்பு மூலைப் பக்கம்! இடதும் இல்ல, வலதும் இல்ல! சிவப்புக் கம்பத்தைப் பாருங்க! அந்தப் பக்கம் வாங்க!"

வளையத்தின் சிவப்பு மூலையில் நிற்கிற கம்பம் யாருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. அதுவும் அவள் குரல். கேலரிக்கு அடியில், கதவருகே நின்ற எங்களுக்கே கேட்டது. கூட்டம் திரும்பியது. படியில் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள், எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். இறங்க இறங்க அவள் கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு காவலர் வளையத்துக்குள் ஏறி அவள் வாயில் தடியால் அடித்தார். அண்ணன் உடைத்த பல்லுக்குப் பதிலாகக் கட்டியிருந்த பொய்ப்பல்லும் பக்கத்துப் பல்லும் தெறித்தன. அவள் துப்பிவிட்டுத் திரும்பக் கத்தினாள். மூன்றாவது அடியில்தான் விழுந்தாள்.

பூட்டிய கதவின் முன்னால் பலருக்கு எலும்பு முறிந்தது. ஒரு தையற்காரர் செத்துப்போனார். அவர் காதில் ரேடியோ மாட்டியபடியே இருந்தது என்று சொன்னார்கள்.

வாயில் தையலோடு அவள் வீட்டில் கிடந்தபோது காதுக்காரர் நேரில் வந்தார். நான் அவரை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நல்ல சட்டை, களைத்த முகம். விசாரணை வருகிறது என்றார். சேனல் எழுதித் தருவதை அவள் திரையில் சொல்ல வேண்டும். காவலர்கள் யாரையும் அடிக்கவில்லை, தான் பதறிப்போய்த் தவறான திசை சொன்னதால் நெரிசல் வந்தது, மன்னியுங்கள். அவ்வளவுதான்.

"மக்கள் மன்னிச்சிருவாங்க. உண்மையத்தானே சொல்ற? திசை தப்பாச் சொன்னது நீதானே? அந்த நாற்காலி உனக்குத்தான், நான் பேசிட்டேன்."

அவளால் சரியாகப் பேச முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இடதுன்னது என் தப்பு சார். கதவைப் பூட்டினதும் மண்டைய உடைச்சதும் அவங்க தப்பு. கேமராவத் திருப்பாதது உங்க தப்பு. மொத்தமாச் சொல்லச் சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

"மொத்தமா முடியாதும்மா."

"அப்ப பாதியத்தான் காட்டுவீங்க."

"புரிஞ்சுக்க. நீ அடி வாங்குனது கேமராவுல இருக்கு. அதைக்கூட நாங்க போடல, உன் நல்லதுக்கு."

என் வீட்டுக்காரர் அதுவரை சுவரோரம் சும்மா இருந்தார். "சார், கொஞ்சம் பேசுங்க. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார். காதுக்காரர் அப்புறம் வாயே திறக்கவில்லை. கிளம்பிவிட்டார்.

விசாரணையில் அவள் மொத்தத்தையும் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. வெளியே எதுவும் வரவில்லை. சேனலில் அவள் தப்பு மட்டும் வந்தது. நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. அவர் திரையில் இருப்பதை மட்டும் பேசுகிறார்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் தையற்காரர் வீட்டுக்குப் போனது. "வேண்டாம்டி, போகாத" என்றேன். கேட்காததால் துணைக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். யார் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். தையல் பிரிந்து ரத்தம் வந்தது. திரும்ப அறைந்தார். நான் குறுக்கே போனேன். சங்கு என்னைத் தள்ளிவிட்டுக் கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

"உன் பேச்சைக் கேட்டுத்தான் அந்த ஆளு தெனமும் தைப்பாரு. உன் பேச்சைக் கேட்டுத்தானேடி போனாரு."

"ஆமாங்க்கா" என்றாள் இவள்.

கதவு சாத்தப்பட்டது. இன்னும் திறக்கவில்லை. அதைச் சமாதானமாக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது, நடக்காததை எழுத மாட்டேன். அன்று அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் புலம்பவில்லை. செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அந்தப் புலம்பலைக் கேட்க வேண்டும் போல எனக்கு இருந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

இப்போது பழைய பயிற்சியாளரின் கூடத்தில் மறுபடியும் மைக் பிடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சண்டை. குரல் பழையபடி வரவில்லை, சங்கில் விரிசல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. பல் இரண்டும் கட்டவில்லை. சண்டை தொடங்கும் முன் கதவு எல்லாம் திறந்திருக்கிறதா என்று தானே போய் இழுத்துப் பார்க்கிறாள். கூடத்துக்காரர் சலித்துக்கொள்கிறார். இடது வலது என்கிற சொல் அவள் வாயில் வருவதில்லை. "சிவப்பு மூலை", "நீல மூலை", "தண்ணீர்த் தொட்டிப் பக்கம்", "பெரிய சன்னல் பக்கம்" என்றுதான் சொல்கிறாள். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து தோளை அசைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கைப்பையை எறிந்துவிட்டு, "அண்ணி, அந்தக் கூடத்து மைக் இருக்கே, அது மைக்கா துருப்பிடிச்ச கரண்டியா?" என்கிறாள். "மூஞ்சியக் கழுவு" என்கிறேன்.

கேமரா கிடையாது. நேரில் போனால்தான் உண்டு. ஆகையால் போய்ப் பாருங்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மரக்கடையை ஒட்டிய தகரக் கூரைக் கட்டடம். யாரையும் விசாரிக்க வேண்டாம், தெருமுனைக்கே சத்தம் கேட்கும். முன்வரிசையில் இடம் கிடைக்கும், ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். ரத்தக்கறை சாமானியமாகப் போகாது. துவைக்கிறவள் சொல்கிறேன்.